மூன்று ஊர்த் தண்ணீர்

அப்பா,

நேற்று ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கம்பெனி கிரெஷ் வாசலில் ஒரு பெண் தன் குழந்தைக்குப் பால் கலக்க டப்பாவைத் திறந்தாள். அந்த நாற்றம் வந்து மூக்கில் ஏறியது. என்னோடு வந்தவள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, "இன்னாக்கா, கெட்டுப்போன பவுடரா?" என்றாள். "கெடல. அதோட வாசனையே அப்படித்தான்" என்றேன். நம் பாப்பாவுக்கு அதே பவுடர் வாங்கியபோது நீ முதல் தடவை மோந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஊற வெச்ச தோலு மாதிரி நாறுது!" என்று முகத்தைச் சுளித்தாய். முப்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்ற உனக்கே அது தாங்கவில்லை.

பஸ்ஸில் ஆம்பூர் வரைக்கும் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. செத்துப்போனவரிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது, நான் என்ன செய்ய?

பாப்பா பிறந்த ஒரு மாதத்தில் எனக்கு ஆபரேஷன் தையல் சீழ் பிடித்தது. காய்ச்சலிலும் மருந்திலும் கிடந்து, பால் வற்றிவிட்டது. அம்மா எப்போதோ போய்விட்டாள். வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் வேலையை விட முடியாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து முகம் காட்டிவிட்டுப் போவார். ஒரு பையில் இரண்டு வேட்டியோடு நீதான் வந்தாய். "நான் பாத்துக்கறேன், நீ படு" என்றாய். பாட்டில் கழுவினாய், துணி அலசினாய், தோளில் போட்டுத் தட்டினாய். உன் உள்ளங்கையில் சூடு தெரியாது, சுண்ணாம்பு தின்ற தோல். அதனால் பாலை ஒரு சொட்டு உன் கன்னத்தில் விட்டுப் பார்த்துத்தான் குடுப்பாய். இதையெல்லாம் நான் மறக்கவில்லை.

டப்பாப் பால் ஆரம்பித்த பத்தாம் நாள் பாப்பாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. குடித்ததெல்லாம் கக்கினாள். கன்னம் தீய்ந்தாற்போல் சிவந்தது. காலை மடக்கிக்கொண்டு வீறிட்டாள். ஒரு நாள் துணியில் சளியோடு ரத்தக்கோடு. நான் பதறிப்போய் உன்னிடம் காட்டினேன். நீ பதறவே இல்லை. "தண்ணிம்மா. வேற இன்னா? நம்மூரு தண்ணி பச்சக் கொழந்தைக்குச் சேருமா?" என்றாய்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதானே பதில். பருப்பு வேகவில்லையா, தண்ணி. முடி கொட்டுகிறதா, தண்ணி. பெண் பார்க்க வந்தவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனாலும் தண்ணி. நீ அதைச் சொல்ல உரிமை உள்ளவன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நம் கிணறு உப்பானதை நீ பார்த்தாய். தென்னை காய்ந்ததைப் பார்த்தாய். ஷாப்பில் கூலி வாங்கிக்கொண்டே, அந்த ஷாப் வெளியே விடும் கழிவுத் தண்ணியைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் அதிகாரிகள் மேஜையில் வைத்து, "நீ ஒரு வாய் குடி சார், பாக்கலாம்" என்று சத்தம் போட்டவன் நீ. தண்ணி விஷயத்தில் உன்னை எதிர்த்துப் பேச இந்தத் தெருவில் ஆள் கிடையாது. அப்புறம் நான் எங்கே பேச?

முதலில் கேன் தண்ணி மாற்றினாய். அது சரிப்படவில்லை என்று மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு நாட்றம்பள்ளி பக்கம் உன் தோஸ்த்தின் மாந்தோப்புக் கிணற்றுக்குப் போனாய். அந்தத் தண்ணியை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, "சக்கரைம்மா இது!" என்றாய். மூன்று நாள் பார்க்கலாம் என்றாய். மூன்று நாள் ஆறு நாளானது. அடுத்து அமிர்தி மலையடியிலிருந்து யார் மூலமாகவோ இன்னொரு தண்ணி வந்தது. "வேலூர் போய் டாக்டரப் பாக்கலாம்பா" என்றபோதெல்லாம், "இரும்மா, இந்தத் தண்ணி ஒடம்புல புடிக்கட்டும்" என்றாய். நான் சும்மா இருக்காமல் போனில் தேடி, லாக்டோஸ் இல்லாத பவுடர் என்று ஒரு டப்பா வாங்கினேன். அதிலும் ரத்தம் நிற்கவில்லை. பாப்பாவின் தொடை வற்றி, தோல் மடிப்பு மடிப்பாய்த் தொங்க ஆரம்பித்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள். அன்றைக்குத்தான் நான் உன்னைக் கேட்காமல் ஆட்டோ கூப்பிட்டேன். நீயும் ஏறிக்கொண்டாய், கையில் ஒரு பாட்டில் தண்ணியோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். நீ தண்ணிக் கதையை முதலிலிருந்து சொன்னாய். அவர் சிரிக்கவில்லை. "மூணு ஊருத் தண்ணி மாத்துனீங்க, சரி. பால மாத்துனீங்களா?" என்றார். நான் என் டப்பாவைக் காட்டினேன். "இதுல எடுத்தது பால்ல இருக்கற சக்கரைய. இவளுக்கு ஆகாதது பசும்பால்ல இருக்கற புரதம். அது இதுல அப்படியே இருக்கு" என்றார். "ஆட்டுப்பால் குடுக்கலாமா மேடம்?" என்று கேட்டாய். அந்தப் புரதமும் ஏறக்குறைய அதே ஜாதிதான், வேண்டாம் என்றார். சோயா பவுடர் இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இப்போது வேண்டாம், அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்ட ஒரு பவுடர் இருக்கிறது, அதைத்தான் குடுக்க வேண்டும் என்று எழுதினார். "எப்படி மேடம் ஒடைப்பாங்க?" என்றாய். என்சைம் போட்டு என்றதும் உன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க ஷாப்புலயும் தோலு மெத்துன்னு வர்றதுக்கு அதத்தான் போடுவாங்க!" குழந்தை அந்த நிலைமையில் கிடக்கிறது, நீ தொழில் பேசிக்கொண்டிருந்தாய்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "பால் யார் கலக்கறது?" நான் உன்னைக் கை காட்டினேன். "எப்படிக் கலக்கறீங்க?"

"அறுவது மில்லிக்கு ஒரு ஸ்பூன் மேடம்."

"டப்பால முப்பதுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

"பவுடர்தான் சேரலன்னு தெரியுதே மேடம். அதான் பவுடர கம்மி பண்ணி நல்ல தண்ணிய ஜாஸ்தி பண்ணேன். நல்ல தண்ணி போனா வயித்தக் கழுவி வுட்டுடும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, இத்தன நாளா கொழந்தைக்கு அரை வயித்துக்குத்தான் போட்டிருக்கீங்க" என்றார். சத்தமே இல்லாமல்தான் சொன்னார்.

சத்தம் போட்டது நான். வெளியே பெஞ்சில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். "என் புள்ளையப் பட்டினி போட்டே கொன்னிருப்ப! உன் தண்ணியும் வேணாம், நீயும் வேணாம், போ!" என்றேன். ஊரையே எதிர்த்துக் கத்தியவன், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஏன் நின்றாய்? என்னையும் திருப்பி நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

அந்த நாற்றப் பவுடரை முதலில் பாப்பா துப்பினாள். இரண்டு நாள் போராட்டம். பிறகு குடித்தாள். வாந்தி நின்றது, இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது, தொடை நிரம்பியது. நீ பாட்டிலைத் தொடவே இல்லை. பசிக்கு அழுதால், வாசலில் இருந்தபடி "பாப்பா அழுவுது பாரு" என்று குரல் கொடுப்பாய், அவ்வளவுதான். நானும் "ஒரு வாய் நீ குடுப்பா" என்று சொல்லவில்லை. சொல்ல எத்தனை நாள் இருந்தது! அவள் உட்கார ஆரம்பித்த மாதம் பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனாய். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் வந்து சேர்ந்தபோது உன்னை ஹாலில் கிடத்தியிருந்தார்கள்.

சில நாள் இந்த ஊர்மேல் வயிறு எரிகிறது. தண்ணியைக் கெடுத்தார்கள், ஆற்றைக் கெடுத்தார்கள், கடைசியில் எந்த நோவு வந்தாலும் தண்ணியைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாதபடி உன்னையும் ஆக்கி வைத்தார்கள். சில நாள் உன்மேல் எரிகிறது. டப்பாவில் தமிழிலேயே எழுதியிருந்ததைப் படிக்காமல் உன் இஷ்டத்துக்கு ஒரு கணக்குப் போட யார் சொன்னது?

பாப்பா இப்போது பால் குடிக்கிறாள், அப்பா. முதலில் பால் சேர்த்த பிஸ்கட், பிறகு தோசைமாவில் ஒரு கரண்டி பால், பிறகு தயிர் என்று டாக்டரம்மா சொன்ன வரிசையில் கொடுத்துப் பழக்கினேன். ஒன்றும் செய்யவில்லை. தாத்தா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். உன் போட்டோவைக் காட்டி, நீதான் அவளைத் தூக்கி வளர்த்தாய் என்று சொல்கிறேன். அவளிடம் சொல்வது அவ்வளவுதான். மீதி உனக்கு.

நாட்றம்பள்ளித் தண்ணி வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நான் பார்த்தேன். பாட்டிலில் பால் பால் மாதிரி இல்லை. அரிசி களைந்த தண்ணி மாதிரி இருந்தது. நீ அவளை மடியில் போட்டுப் புகட்டிக்கொண்டிருந்தாய், நான் கட்டிலில் இருந்து பார்த்தேன். என்னப்பா இவ்வளவு தண்ணியாக இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் எழுந்திருக்க வேண்டும், நானே கலக்க வேண்டும், உன்னோடு மல்லுக்கட்ட வேண்டும். உடம்பு அப்படி அடித்துப் போட்டாற்போல் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்கப்புறமும் தினம் பார்த்தேன். யார் கலக்கியது என்று டாக்டரம்மா கேட்டபோது, எல்லாம் தெரிந்துதான், அப்பா, உன்னைக் கை காட்டினேன்.