சாவி கொடுத்த பிறகு

1958 ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். டிப்போவில் தேக்குத் தடிகள் நனைந்து கிடக்கின்றன. படுதா போடச் சொன்னேன், பெரியவன் காதில் வாங்கவில்லை. பதினொரு மணிக்கு வக்கீல் பிள்ளை வீடு.

போனது உயில் எழுத. குடியிருக்கும் வீடு, இறந்துபோன என் நடு மகன் மீரானின் குழந்தை ஆமினாவுக்கு. மர டிப்போ மற்ற இரண்டு பையன்களுக்கு. நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன், பெரிய சட்டம் படித்தவன் மாதிரி. பிள்ளை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ராவுத்தரே, இது நிக்காது. உங்க சட்டப்படி மூணுல ஒரு பங்குக்குத்தான் உயில் எழுதலாம். வீடு அதுக்கு மேல வருதே."

"அப்ப மீரான் பங்கு அவன் பிள்ளைக்கு வராதா?"

"உமக்கு முந்தி அவன் போயிட்டான். மத்த ரெண்டு பையனும் இருக்காக. பேத்திக்கு ஒண்ணும் கிடையாது."

அவன் பங்கு எங்கே போய்விடும், அப்படியே இருக்கும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் முந்திப் போயிருந்தால் அந்தக் குழந்தைக்கும் ஒரு கூரை இருந்திருக்கும். அவன் முந்திப் போனதால் தெரு. சாவதிலும் வரிசை பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரு வழி உண்டாம். உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுத்துவிடுவது. நாங்கள் ஹிபா என்போமே, அதுதான். நாளை வரச் சொன்னார். குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

குடை கிடைத்தது. பிள்ளை சொன்னவை, மறக்காமலிருக்க:

1. பத்திரம் மருமகள் கதீஜா பெயரில். குழந்தை பெயரில் எழுதினால் கார்டியன் நானே. வீடு என் கையை விட்டுப் போகாத கணக்கு.
2. சாவியை நாலு பேர் முன்னால் கொடுக்க வேண்டும்.
3. நான் வீட்டை விட்டு இறங்க வேண்டும். பெட்டி படுக்கையோடு.

மூன்றாவதுதான் உறைத்தது. "அவசியமா?" என்றேன்.

"நீரு அங்கனயே கட்டில்ல படுத்துக்கிட்டு, கொடுத்துட்டேன்னு சொன்னா ஒத்துக்கிடுவாகளா? உம்ம காலத்துக்குப் பெறவு உம்ம பையன்களே கோர்ட்டுல நிப்பாக. எதுக்கு வம்பு? பத்து நாளு வெளிய இரும். குத்தாலத்துல சீசன்தானே, அருவியில குளியும். பெறவு அந்தப் பிள்ளை கூப்பிட்டா விருந்தாளியாப் போம்."

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

சாப்பிடும்போது பெரியவன் முகம் கொடுக்கவில்லை. "நெசவுக்காரன் மகளுக்கு வீட்டைக் கொடுத்துட்டு நீங்க வாடகை ரூம்புல கெடக்கப் போறீகளா அத்தா?"

நெசவுக்காரன் மகள். அந்தப் பேச்சு இந்த வீட்டில் என் வாயிலிருந்து தொடங்கியது. அவனை என்ன சொல்ல?

ஜூலை 9, புதன்

வெயில். பெட்டி கட்டினேன். வேட்டி 4, சட்டை 3, தொப்பி, தொழுகைப் பாய், இருமல் மருந்து, சவரக்கத்தி. என் சாமான் ஒன்றும் வீட்டில் மிஞ்சக்கூடாது என்பது வக்கீல் உத்தரவு. எனவே அலமாரியின் அடித்தட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று.

அங்கேதான் அந்தக் கார்டு. இருப்பது தெரியும். அதனால்தான் அந்தத் தட்டை நான் திறப்பதில்லை.

கடையநல்லூர் நெசவுக் குடும்பத்தில் பெண் எடுத்தான் என்று மீரானிடம் "என் வாசலை மிதிக்காதே" என்றேன். புனலூருக்கு வேலைக்குப் போனான். நாலு வருஷம் கழித்து இந்தக் கார்டு. "அத்தாவுக்கு ஸலாம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மா பெயரையே வைத்திருக்கிறோம். கூட்டிக்கொண்டு வரலாமா? வா என்று ஒரு வரி போடுங்கள்."

போடவில்லை. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இருந்தேன். எட்டாவது மாதம் தந்தி. விஷக் காய்ச்சல்.

கதீஜாவையும் குழந்தையையும் நான்தான் போய் அழைத்து வந்தேன். முதல் நாளே கேட்டாள், "அவுக ஒரு கார்டு போட்டாக மாமா. வந்துச்சா?"

"வரலைம்மா."

நம்பிவிட்டாள். இன்றுவரை தபால்காரரைத்தான் திட்டுகிறாள். அந்த மனுஷர் என்ன பாவம் செய்தார்? கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

ரிஜிஸ்டர் ஆபீஸ். இடது பெருவிரல் ரேகை, மை இன்னும் போகவில்லை. பிறகு வீட்டில் வக்கீல், இரண்டு பையன்கள், ஜமாஅத்தில் இரண்டு பேர். கதீஜா கதவோரம் நின்றாள்.

"எதுக்கு மாமா இதெல்லாம்? நீங்க எங்கயும் போவாண்டாம்."

"அப்படிச் சொல்லப்பிடாதும்மா, பத்திரம் கெட்டுப் போகும்" என்றார் பிள்ளை. எல்லாரும் சிரித்தார்கள். சாவியைக் கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தபடி "வாங்கிக்கிட்டேன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. என்னை நல்லவன் என்று நினைக்கிறாள்.

மூன்று மணி பஸ். குற்றாலம். அருவிக்குப் போகும் வழியில் ஓர் அறை. தலையணையில் யாரோ வைத்த எண்ணெய் வாசனை.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆவுக்குத் தென்காசி போனேன். பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போது எங்கள் தெரு முனை. கால் தானாகத் திரும்பியது, நிறுத்திக்கொண்டேன். மீரானும் இந்த முனை வரை எப்போதாவது வந்திருப்பானோ?

ஜூலை 14, திங்கள்

அருவியில் நல்ல தண்ணீர். குரங்கு வாழைப்பழச் சீப்போடு போய்விட்டது. ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. நான் மட்டும் குளிக்காமல் திரும்பினேன்.

வீட்டைக் கொடுப்பது எளிதாக இருந்தது. கார்டைக் கொடுக்க முடியாததால்தான் வீட்டைக் கொடுத்தேனோ என்று தோன்றுகிறது. கோழை. அறுபத்து மூன்று வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பத்திரம் ஆகிவிட்டது, இனி அவளுக்கு நஷ்டமில்லை. சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

பத்து நாள் முடிந்தது. கதீஜா தன் அண்ணனோடும் குழந்தையோடும் வந்தாள். தூக்குச்சட்டியில் இடியாப்பம், தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறி ஆணம். அண்ணன் குழந்தைக்கு அருவியைக் காட்டப் போனான்.

"வீட்டுக்கு வாங்க மாமா."

"இதைப் படி. பெறவு கூப்பிடு."

நின்றபடியே படித்தாள். திருப்பி, தபால் முத்திரையைப் பார்த்தாள்.

"எப்ப வந்துச்சு?"

"போட்ட மறுநாள்."

கார்டை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு, "தெனமும் தபாலாபீசுக்குப் போயிக் கேட்டாக மாமா. காய்ச்சல்லயும் என்னைப் போயிக் கேட்டுட்டு வரச் சொன்னாக."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கார்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். தூக்குச்சட்டி இங்கேயே இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

வக்கீல் பிள்ளை குளிக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். "பத்து நாளு ஆயிட்டே, இன்னும் இங்கன என்னவே பண்ணுதீரு?"

"அவ கூப்பிடணுமே."

"சட்டத்துக்கு இது போதும். இனி அந்தப் பிள்ளையை ஒருத்தனும் அசைக்க முடியாது. நீரே நினைச்சாலும் முடியாது."

மனதுக்கு ஆறுதலான பேச்சு அது ஒன்றுதான். தூக்குச்சட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

ஜூலை 24, வியாழன்

சாரல் இல்லை. பத்தரைக்குத் தபால்காரர் வந்தார். வாசலிலேயே நின்றிருந்தேன்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல பாய்."

மீரான் எட்டு மாதம் போய்க் கேட்டான். எனக்கு இன்று நாலாவது நாள்.