அப்பா பாராட்டிய வசனம்

அக்கா,

வகுப்புக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று அப்பாவுக்குப் போட்ட பழைய ஜப்பான் வாள்வீரர் படத்தில், தவறிப்போய் வேறு படத்தின் தமிழ் சப்டைட்டிலைச் சேர்த்துவிட்டேன். வாள்சண்டைக்குக் கீழே கல்யாணப் பேச்சு ஓடியது. அப்பா கடைசிவரை பார்த்துவிட்டு, "வசனம் பிரமாதம்டா" என்றார்.

அவர் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லையோ?

"உனக்கு எதைப் பாத்தாலும் பயம்டா"ன்னு காலையில் கத்தினாய். இருக்கலாம். ஆனால் நாளை அவர் ஓட்டப்போவது ஸ்கூல் வேன், அக்கா. இருபத்திரண்டு பிள்ளைகள்.

டிவியில் இன்னொரு ஜப்பான் படம் தயாராக இருக்கிறது. கறுப்பு வெள்ளை, வீட்டுக்குள் நிதானமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், உனக்கும் பிடிக்கும். சப்டைட்டிலை மூன்று முறை சரிபார்த்தேன். அவரையே உரக்க வாசிக்கச் சொல்.

பி.கு. வேன் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வாசித்தால் உடனே போன் செய். வாசிக்காவிட்டாலும் செய், அவர் காதில் விழாமல்.