முகம் மட்டும் மாற்றிய படம்

நவம்பர் 4, செவ்வாய். பெரம்பலூர்.

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பல் டாக்டருக்கு போன். சர்க்கரை மாத்திரை தீர்ந்தது.

பதினொரு மணிக்கு பாஸ்கரன், அரியலூர் பஸ்ஸில் இறங்கி, ஈரச் செருப்போடு நேராக ஹாலுக்குள். இருபது வருஷம் டி.வி. நிருபர். ஏ.ஐ. மனிதர்களை என்ன செய்கிறது என்று எழுத ஒரு ஃபெலோஷிப், நான் வழிகாட்டியாம். பத்திரிகை டெஸ்க்கை விட்டு வந்தவள் ஏன் ஒப்புக்கொண்டேன்? என் வீட்டுக்காரர் காலமானபின் வீட்டில் சண்டை போட ஆளில்லை.

விஷயம் நல்ல விஷயம். ஜெயங்கொண்டத்தில் ஒரு மாடி ஆபீஸ். பெண்கள் நாள் முழுக்க வெட்டு, குத்து, ஆபாச வீடியோ பார்த்து, இது இன்னது என்று குறிக்கிறார்கள். அதை வைத்து கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறதாம். வெளியே பேசினால் வேலை போகும். ஒருத்தி பேசியிருக்கிறாள்.

ஆனால் கட்டுரை! "அவள் விழிகளில் உறைந்து கிடந்தது ஒரு யுகத்தின் மௌனம்."

"இது அந்தப் பொண்ணு சொன்னதா, நீங்க எழுதினதா?"

"கொஞ்சம் ஏ.ஐ. ஹெல்ப் எடுத்துக்கிட்டேன் மேடம்."



நவ. 6, வியாழன்.

டெஸ்க் வழக்கம்: ஆபத்தில் இருப்பவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டாமல் வெளியே விடக் கூடாது. பா. முனகினார். கூட்டிக்கொண்டு ஆண்டிமடம் போனேன். முதுகுவலி.

பேக்கரியில் அந்தப் பெண். கட்டுரையில் 'மீனா', நிஜப் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். வரதராஜன்பேட்டை. சொந்த ஊர்க்காரர் கண்ணில் படாமல் இங்கே வந்திருக்கிறாள். கழுத்தில் உத்தரியம். பழுப்புக் கயிற்றில் மாதா படத் துணித்துண்டு, கத்தோலிக்கர் போடுவது. கான்வென்ட்டுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

படித்தேன். சிரித்துவிட்டாள்.

"நானாம்மா இப்புடிப் பேசுனேன்? வூட்ல இப்புடிப் பேசுனா பேய் ஓட்டக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

பிறகு அவளாகச் சொன்னது: "கோழி அறுக்க முடியலம்மா. கத்திய எடுத்தா கை நிக்குது. அவருகிட்ட டைப்பிங் வேலைன்னு சொல்லியிருக்கேன். என்னென்ன பாக்குறேன்னு தெரிஞ்சா வூட்ல வச்சிருக்க மாட்டாரு."

அதை அப்படியே போடச் சொன்னேன். பெயர் மாற்றம், ஊர் நீக்கம். திருப்தி.

நவ. 9, ஞாயிறு.

இணையத்தில் வந்துவிட்டது. வார்த்தைகள் சரி. மேலே ஒரு படம். சினிமா நடிகை மாதிரி யாரோ ஒரு முகம். கழுத்தில் உத்தரியம்.

உடனே போன். படம் ஏது?

"பேக்கரியில நீங்க கை கழுவப் போனப்ப நான் எடுத்ததுங்க மேடம். ஏ.ஐ.ல போட்டு முகத்த மாத்திட்டேன். அடையாளம் தெரியக் கூடாதுல்ல?"

"கழுத்துல என்ன?"

"ஏதோ தாயத்துக் கயிறு. எல்லாருந்தானே கட்டுறாங்க."

அந்த ஆபீஸில் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று கேட்டாரா? இல்லை.

"படத்த இப்பவே தூக்குங்க."

"நல்லா போயிட்டிருக்கு மேடம். ஷேர் மேல ஷேர். எடிட்டர் நாளைக்குத்தான் வருவாரு."

சீ. மெஷினுக்கு அது இன்னதென்று தெரியாது, சரி. இவருக்கு வாயில்லையா, கேட்க? என் மேலும் அருவருப்பு. வார்த்தை வார்த்தையாகப் பார்த்தேன். படம் உண்டா என்று கேட்கவில்லை.

சாப்பிடவில்லை.

நவ. 10, திங்கள்.

மதியம் படத்தை நீக்கினார்கள். காலையிலேயே அவளை ஆபீஸ் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியாயிற்று. "இதப் போட்டுக்கிட்டு வர்றது நீ ஒருத்திதான்" என்று சூப்பர்வைசர் படத்தைக் காட்டினாராம்.

சாயங்காலம் அவளே பேசினாள். அழவில்லை.

"ஆபீஸ்லேருந்து அவருக்கே போன் போட்டுச் சொல்லிட்டாங்கம்மா. அம்மா வூட்டுக்குப் போங்கிறாரு. நான் சொன்னா எடுபடாது. நீங்க ரெண்டு பேரும் வந்து சொல்லுங்க, அது வேலைதான்னு."

பா.வைக் கூப்பிட்டேன். மன்னிப்பு மெசேஜ் அனுப்பிவிட்டாராம். எனக்கும் ஒன்று. "தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்திற்கு ஆழ்ந்த வருத்தங்கள்." அதையும் மெஷின்தான் எழுதியிருக்கிறது.

"நாளைக்கு நேர்ல போறோம்."

"அவங்க வூட்டுக்காரரு கை நீட்டிட்டாருன்னா மேடம்?"

"வாங்கிக்குங்க."

போனை வைத்தேன். முதல் பஸ்ஸுக்கு நான் ஸ்டாண்டில் இருப்பேன். அவர் வந்தாலும் வராவிட்டாலும்.