ஆப்பிரிக்கா போய் வந்த ரத்தம்

ஆகஸ்ட் 6, புதன்

எதிர்வீட்டுச் செல்வியின் மகளுக்கு நாளை நடக்க வேண்டிய அறுவை சிகிச்சையைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். தவறு என்னுடையது. ஓ நெகட்டிவ் ரத்தம் தர டேவிட் இருக்கிறான் என்ற தைரியத்தில், வருவதாக இருந்த கொருக்குப்பேட்டை மணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மணி கூட்ஸ் வண்டியில் கார்டு. காலையிலேயே விஜயவாடா போய்விட்டார். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்.

டேவிட் என் பழைய மாணவன், சரக்குக் கப்பலில் வேலை. கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தாய் என்று மட்டும் அவனிடம் கேட்டிருந்தேன். கப்பல் எங்கே போய் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ரத்த வங்கிப் பெண் அதைக் கேட்டாள்.

"நைஜீரியா. போன மாசம் பன்னெண்டு நாள் ஹார்பர்ல கெடந்தோம்."

"மலேரியா இருக்கிற இடம். இப்ப எடுக்க முடியாதுண்ணா."

"ஜொரமே வரலக்கா. ஆளு கிண்ணுனு கீறேன், பாரு."

விதை மண்ணுக்குள் இருப்பது முளைக்கும்வரை தெரியாது, மலேரியாக் கிருமியும் அப்படித்தான் என்று செல்விக்கு உதாரணம் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

"வேற பேங்குக்கு இட்டுகினு போலாம் சார். எங்கியும் போவலன்னு சொல்லட்டும். நீங்க சொன்னா கேப்பாரு."

டேவிட் என்னைப் பார்த்தான்.

அந்தக் காய்ச்சல் உன் மகளுக்கே வந்துவிடலாம், வேண்டாம் என்றேன். உடனே சொல்லவில்லை. வாசலில் ஒரு கன்டெய்னர் லாரி முழுவதுமாகக் கடந்து போகும்வரை பேசாமல் நின்றேன்.