அருளின் வலப்பக்கம்

10-3-96 ஞாயிறு

காலையிலேயே வெக்கை. பூசை முடிந்து வந்து டெக்கில் வீடியோ கேசட் பார்த்தோம். இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு வள்ளியம்மை ஆச்சி, டெக் வாடகைக்குக் கொண்டுவந்த மைதீன் பாய். நாலு பேர்தான். தவக்காலத்தில் சண்டை பார்க்கலாமா என்று ஒரு உறுத்தல். தம்பி அருள் அனுப்பிய கேசட், என்ன செய்ய.

கோலாலம்பூரில் நடந்தது. குத்து, உதை, குஸ்திப் பிடி, எல்லாம் கலந்து அடிக்கலாம். இரண்டாம் சுற்றில் கழுத்துப் பிடி. எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டிவிட்டான். பழைய கணக்கோடு சேர்த்து: போட்டி 8, வெற்றி 6, தோ. 2. ஆறில் நாலு கழுத்துப் பிடி.

அவன் சண்டை எப்போதும் ஒரே மாதிரிதான். உதைக்கப் போகிற மாதிரி காலைத் தூக்குவான், உள்ளே புகுந்து இடுப்பைக் கட்டுவான், ஆளைக் கீழே போடுவான். அப்புறம் பாய் சுருட்டுகிற நிதானம்.

இந்தத் தடவை முகத்தை வலப்பக்கம் திருப்பியே நின்றான்.

ஆச்சி: "ஏன் அமலி, ஒன் தம்பி என்ன, பொண்ணு பாக்க ஆளு வந்தா நிக்கிற பிள்ள மாதிரி கோணிக்கிட்டு நிக்கிறான்?"

இவர்: "அது புது ஸ்டைல் ஆச்சி."

முடிவில் தோற்றவன் கை நீட்டினான். அருள் கண்டுகொள்ளவில்லை.

"ஜெயிச்ச திமிரு, பாத்தீகள்ல அக்கா?" என்றார் மைதீன் பாய்.

கேசட்டோடு கடிதமும். அடுத்த மாதம் ஜப்பானில் போட்டியாம். இதைவிடப் பெரிய ஆள். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

11-3 திங்கள்

இட்லிக்கு ஊறப்போட்டது. கிழிந்த தலையணை உறை 2 தைத்தது.

கை கொடுக்காதது முள்ளாகக் குத்துகிறது. போன கேசட்டில், தரை துடைக்க வந்தவருக்கும் கை கொடுத்தவன்.

மைதீன் பாயிடம் டெக்கை இன்னும் ஒரு நாள் கேட்டேன். "எத்தன தடவ பாப்பீக? முடிவு மாறாதுக்கா!" சிரிப்பு.

மத்தியானம் தனியாக இரண்டு கேசட்டும். புளியங்கொட்டை வைத்து எண்ணினேன்.

பழையது: வலப்பக்கம் (வ.ப.) வந்த குத்து 10, தடுத்தது 8.
புதியது: இ.ப. வந்தது 9, தடுத்தது 8. வ.ப. வந்தது 11, தடுத்தது 2.

மூன்று முறை எண்ணியாயிற்று. அதே கணக்கு.

தோற்றவன் கை நீட்டியதும் வலப்பக்கமிருந்துதான். திமிர் இல்லை. அந்தக் கை அவனுக்குத் தெரியவேயில்லை.

13-3 புதன்

இவரிடம் சொன்னேன்.

"கொட்டய வச்சுக் கண் டாக்டர் வேல பாக்குறியாக்கும்." செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டே, "ஜப்பான் எத்தன பேருக்குக் கெடைக்கும் அமலி? நீ ஒண்ணும் எழுதிக் கெடுத்துறாத."

"கண்ணு எத்தன கெடைக்குமுங்க?"

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். சாயந்தரம் பள்ளிக்கூட வேலை முடிந்து வரும்போது சட்டைப்பையில் ஏர்மெயில் தாள். கேட்காமலே வாங்கி வந்திருக்கிறார்.

15-3 வெள்ளி

ஒரு சந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். சிலுவைப் பாதையில் மனம் நிற்கவில்லை. ஆறாம் இடத்தில், சிலுவை சுமக்கும் ஆண்டவர் முகத்தைத் துடைக்கிற இடத்தில், அருள்தான் கண்ணுக்குள்.

கடிதம் தபாலில் போட்டாயிற்று. அதன் நகல்:

அன்புத் தம்பி அருளுக்கு, அக்கா எழுதுவது. இங்கு நலம். கேசட் பார்த்தோம். வலப்பக்கம் வந்த பதினொரு குத்தில் ஒன்பது உன் மேல் விழுந்தது. அந்தப் பையன் நீட்டிய கையும் உனக்குத் தெரியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் செய். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படி. படிக்க முடிந்தால் ஜப்பானுக்குப் போ, நான் ஜெபமாலை சொல்கிறேன். முடியாவிட்டால் கையெழுத்துப் போடாதே, வீட்டுக்கு வா. எதுவானாலும் மாதக் கடைசிக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடு.