பைக்குள் தைத்த கைகள்

அன்புள்ள என் தங்கை மகள் வாயாடிக்கு,

கடல் தாண்டியும் பெயர் கெடாமல் இருக்கும் உன் தாய்மாமன் எழுதுவது. உடம்பு இரும்பு மாதிரி இருக்கிறது. மனசுதான் கொதிக்கிறது.

மூன்று கடிதம் போட்டேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் அம்மா மட்டும் எல்லாரும் சௌக்கியம், உன் கோபம் இன்னும் தணியவில்லை என்று எழுதியிருக்கிறாள். இருக்கட்டும். கோபமாக இருப்பவர்கள் கடிதம் படிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இந்தத் தொண்டு வேலைக்கு எனக்கு விண்ணப்பம் எழுதித் தந்தவளே நீதான். அடிபம்பு ரிப்பேரில் முப்பது வருட அனுபவம் என்று எழுதினாய், நான் அதை நாற்பதாக்கச் சொன்னேன். தப்பில்லை. வந்த முதல் வாரத்திலேயே இங்குள்ள நான்கு பம்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட வைத்தேன். தண்ணீர் பாய்ந்த வேகத்தில் ஒரு வாத்தையே அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டே மாதத்தில் இவர்கள் பாஷையையும் கரைத்துக் குடித்துவிட்டேன். இவர்கள் சொன்னதையெல்லாம் உனக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

பாராட்டுவார்கள் என்று பார்த்தால், எங்கள் அலுவலக மேடம் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் எப்போதும் ஒரு படிவம். ‘சார், நீங்க ரிப்பேர் பண்ண வரல, கத்துக்குடுக்க வந்திருக்கீங்க’ என்றார். ஆறு மாதத்துக்குப் பிறகு நான் ஸ்பேனரைத் தொடவே கூடாதாம். ஊர்க்காரர் ஒருவர் மேடம் முன்னால் பம்பைப் பிரித்து மாட்டிக் காட்ட வேண்டுமாம். காட்டினால் கருவிப் பெட்டி ஊருக்கே சொந்தம். தவறினால் பெட்டியை டவுனுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். பிறகு பம்பு கெட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அலுவலக வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரை பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடக்க வேண்டியதுதான்.

கற்றுக்கொள்ள யார் வந்தது தெரியுமா? ஆண்கள் எல்லாரும் நாளைக்கு நாளைக்கு என்றார்கள். வந்தது பள்ளிக்கூடத்துக்கு எதிர் அறையில் மிஷின் போட்டிருக்கும் தையல்காரம்மா. ஐம்பது வயது, என்னைவிடக் குள்ளம். தன் கடை வாசல் பம்பு கெட்டால் குடச்சண்டை தன் காதில்தான் விழுகிறது என்பதற்காக வந்தவர். பல்லுக்கிடையில் ஊசி, தலையில் மூக்குக்கண்ணாடி. எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதே!

நட்டைத் திருப்புவதற்குள் பத்து முறை உற்றுப் பார்ப்பார். எனக்குக் கை துறுதுறுக்கும். இப்படிக் கொடும்மா என்று வாங்கி நானே முடித்துவிடுவேன். ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், ‘அண்ணே, நீங்க ஊருக்குப் போகும்போது உங்க கையைக் கழட்டி இங்க வச்சிட்டுப் போவீங்களா?’ என்று கேட்டார். குடத்தோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பம்பே சிரித்தது போல இருந்தது.

ஆறு மாதம் முடிந்து, போன வியாழக்கிழமை சோதனை. காலையில் தையல்காரம்மா என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, ‘ரெண்டு கையையும் பாக்கெட்ல விடுங்க’ என்றார். விட்டேன். என் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டைக் கால்சட்டைப் பையோடு சேர்த்து இரண்டு பக்கமும் ஆறு ஆறு தையல் போட்டு நூலைக் கடித்துத் துப்பினார். நாற்பது வருடக் கை, மூட்டை மாதிரி தைத்தாயிற்று! எதிர்த்திருப்பேன். ஆனால் என் கை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. அன்று விடிந்ததும் விடியாததுமாக நான் ஒருமுறை பம்படிக்குப் போய்வந்திருந்தேன். முந்தின நாள் அந்த அம்மா தனியாகப் பிரித்து மாட்டிய பம்பு அது. எதற்கும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், பாவம், தோற்றுவிடக் கூடாதே என்றுதான் திறந்தேன். யாரோ வரும் சத்தம் கேட்டு, கழற்றியதை அவசரமாக மாட்டி மூடிவிட்டேன்.

மேடம் வந்து முதலில் பிடியை அடித்துப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. ‘நேத்து நீங்கதானே மாட்டினீங்க?’ என்று தையல்காரம்மாவைக் கேட்டார். ஊர் முழுக்க அவரைப் பார்த்தது. நானே பிரித்துவிடலாம் என்று பாய்ந்தேன். கையோ வெளியே வராது.

அவர் பதறவே இல்லை. ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, கம்பியை மேலே இழுத்துப் பார்த்தார். கிண்ணம் போலிருக்கும் தோல் வாஷர், குழி மேலே பார்க்க இருக்க வேண்டியது, கவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாலாம் கிளாஸ் பையனுக்குத் தெரிகிற தப்பு. மேடம் பேனாவைத் திறந்து, ‘இது யார் தப்பு?’ என்றார். ‘தப்பு யாருதா இருந்தா என்னங்க, சரி பண்றதுதானே வேலை’ என்று சொல்லிவிட்டு வாஷரைத் திருப்பிப் போட்டு மாட்டினார். நாலே அடியில் தண்ணீர் கொட்டியது.

மேடம் படிவத்தில் அவருக்கு ஒரு மதிப்பெண்ணைக் கழிக்கப் போனார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பை தைத்திருந்ததே தவிர வாய் தைத்திருக்கவில்லையே. அது நான் செய்தது மேடம், காலையில் வந்து கெடுத்துவிட்டுப் போனேன் என்றேன். எல்லாரும் கேட்க, ஆமாம், உன் மாமன்தான் சொன்னேன். மேடம் என் தைத்த கைகளைப் பார்த்தார். பிறகு தேறிவிட்டார் என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தையல்காரம்மா கத்தரியோடு வந்து வலது கையை மட்டும் பிரித்துவிட்டார். ‘இடது கை சாயங்காலம்’ என்றார்.

பெட்டி இப்போது தையல் மிஷினுக்கு அடியில் இருக்கிறது. எனக்கு இங்கே வேலை இல்லை. அடுத்த மாதம் புறப்படுகிறேன்.

இனி நம் பட்டறை விஷயம். நான் கிளம்பிய அன்று மோட்டார் மாட்டிக்கொண்டிருந்த உன் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி, பூட்டைப் போட்டு, சாவியையும் எடுத்து வந்துவிட்டேன். நீ அந்த போல்ட்டைச் சரியாகத்தான் திருப்பிக்கொண்டிருந்தாய். அன்றைக்கே தெரியும்.

சாவியை இந்தக் கடித உறைக்குள் நூலால் கட்டி வைத்திருக்கிறேன். எலி புகுந்திருக்கும், திறந்து பார். பலகையில் உன் பெயரையும் எழுதச் சொல், என் பெயரைவிடக் கொஞ்சம் சிறிதாக. வந்த பிறகு நான் பக்கத்தில் நின்று குறை சொல்வேன், அதை யாராலும் நிறுத்த முடியாது. ஊசி நூல் மட்டும் எடுத்து வை. முழுக்கைச் சட்டைதான் போட்டு வருவேன்.

நல்லா இரு, கண்ணு.

உன் மாமன்