செவ்வாய் மழையும் புதன் பதிவும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் மழைமானியின் அளவுக் குடுவை என் மேசைமேல் இருக்கிறது. கோடுகளில் பாதி அழிந்துவிட்டன. சென்ற ஞாயிறு உன் நினைவுப் பூசை முடிந்ததும் உன் மகள் ஸ்டெல்லா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே விழுப்புரத்துக்கு வந்தாள். வைத்துவிட்டு, உட்காராமலே கேட்டாள்.

"அப்பா மழைய அளக்காமலே எழுதுனாருன்னு ஆபீஸ் ஃபைல்ல இருக்குதாமே அங்கிள். நெஜமா?"

"இல்லைம்மா."

"இல்லன்னா ஆதாரம் காட்டுங்க."

உன் மகளேதான்.

இருபது ஆண்டுகளுக்கு முன், திண்டிவனத்தில் நம் அலுவலக வளாகத்து மழைமானியைக் காலை எட்டரைக்கு அளந்து பதிவேட்டில் எழுதுவது உன் பொறுப்பு. ஓர் ஐப்பசிச் செவ்வாயன்று கொட்டிய மழையில் ஏரிக்கரை உடைந்தது. விசாரணையில் உன் பதிவேட்டைத் திறந்தார்கள். செவ்வாய்க்கு நேரே 'இல்லை'. அத்தனை மழையும் புதனுக்கு நேரே இருந்தது.

அதிகாரி சிரித்தார். "செவ்வாக்கெழம ஊரே நனஞ்சிக்கினு கெடந்துது. உன் மானி மட்டும் கொட புடிச்சிக்கினு நின்னுதா?"

"எட்டரைக்கு அளந்தப்ப ஒரு சொட்டு இல்லீங்க சார். மழ அப்புறந்தான் புடிச்சுது. மறுநாள் எட்டரைக்கு அளந்து, அந்தத் தேதியிலதான் எழுதணும். ரூல் அப்படித்தாங்க."

"எனக்கே ரூல் சொல்றியா?"

விதிநூல் அடுத்த அறை அலமாரியில் இருந்தது. பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த நான் எழுந்துபோய் எடுக்கவில்லை. 'அளக்காமல் எழுதப்பட்டது' என்று அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். உன்னை முகையூருக்கு மாற்றினார்கள்.

விதி உன் பக்கமே என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். ஆனால் மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதற்கு உன் சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. அதைத்தான் ஸ்டெல்லாவும் நானும் தேடினோம். இப்போது இணையத்தில் ஒரு வசதி வந்திருக்கிறது, ஏபிஐ என்கிறார்கள். ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, வேண்டிய தேதி மூன்றையும் ஒரே முகவரி வரியில் எழுதிக் கேட்டால், பழைய நாளின் வெப்பமும் மழையும் எண்களாக வந்து சேரும். மழைமானி நின்ற இடத்துக்கே செல்பேசியோடு போய் இரு எண்களையும் குறித்துவந்தேன்.

முதல் விடையில் வெப்பம் உறைநிலைக்கும் வெகு கீழே.

"என்னா அங்கிள், திண்டிவனம் ஏரியில ஐஸ் கட்டிக்கினு இருக்குது?"

எண்களை முன்பின் மாற்றி எழுதியிருந்தேன். வந்தது வடதுருவத்துக்கு அருகே ஏதோ ஒரு தீவின் வானிலை. நீ இருந்திருந்தால் இதை ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

திருத்தியபின் நாள்வாரி மொத்தம் வந்தது. செவ்வாய் மழை, புதன் சுழியம். அதிகாரி சொன்னதேதான். ஸ்டெல்லாவின் முகம் வாடியது. நான் விடவில்லை, மணிவாரி எண்களைக் கேட்டேன். எல்லாமே கிரீனிச் நேரத்தில் இருந்தன; அங்கே செவ்வாய் முடியும்போது நமக்குப் புதன் விடிகாலை ஐந்தரை. நம் எட்டரை அங்கே சரியாக மூன்று மணி. மூன்று முதல் மறுநாள் மூன்று வரை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். செவ்வாய் எட்டரை வரை ஒன்றுமில்லை. பிற்பகலில் தொடங்கிய மழை புதன் விடியுமுன் ஓய்ந்திருக்கிறது. உன் விதிப்படி முழுவதும் புதன் கணக்கு.

அளவு உன் எண்ணோடு பொருந்தவில்லை. இவை பல மைல் பரப்புக்குப் பொதுவாகக் கணக்கிட்ட மதிப்புகள். பழைய குறிப்பை நீக்கக் கோரும் மனுவில் அதையும் மறைக்காமல் எழுதினேன். கடைசிப் பத்தியில், 'அக்குறிப்பை விதியைச் சரிபாராமல் எழுதியவன் நானே' என்று சேர்த்தேன்.

ஸ்டெல்லா அதை இருமுறை படித்தாள்.

"எழுதுனது நீங்கன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதாம்மா?"

"தெரிஞ்சிக்கினேவா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உங்களுக்கு எங்கிட்ட கேக்கு குடுத்தனுப்புனாரு?"

ஒருமுறைகூட நீ அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. உன் மௌனத்தை மன்னிப்பென்று எண்ணி இத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறேன். மன்னிப்புதானா என்று கேட்க இப்போது வழியில்லை. அந்த ஐயம் இனி என்னோடே இருக்கும்.

கடைசிப் பத்தியை எடுத்துவிடுங்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இத மொதப் பத்தியா போடுங்க அங்கிள்."

போட்டுவிட்டேன். திங்களன்று நேரில் கொடுக்கிறேன். கோப்பு பழையது என்று திருப்பினால் மறுநாளும் போவேன். அதற்கடுத்த நாளும் போவேன்.